முதுகின் கணக்கு

சவாரிப் பள்ளிகளில் நிற்கும் வயதான குதிரைகளின் தோளுக்குச் சற்றுப் பின்னால் பாருங்கள். உடம்பெல்லாம் செம்பழுப்பாக இருக்க, அந்த ஓர் இடத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை மயிர் முளைத்திருக்கும். சிலவற்றுக்கு இரண்டு பக்கமும் இருக்கும். பிறவியிலேயே வந்த மச்சம் என்று நினைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவோம். அது மச்சமல்ல, பழைய காயம். என்றோ யாரோ பூட்டிய பொருந்தாத சேணம் அந்த இடத்தை விடாமல் அழுத்தியிருக்கிறது. தோலுக்கு ரத்தம் சரியாகப் போய்ச் சேராமல், மயிருக்கு நிறம் கொடுக்கும் செல்கள் அங்கே செத்துப்போயின. மயிர்க்கால் பிழைத்துக்கொண்டது. அன்றிலிருந்து அதில் முளைப்பதெல்லாம் நிறமில்லாத மயிர்தான்.

குதிரை வாங்கியவருக்கு அடுத்த பெரிய செலவு சேணம். நம் ஊரில் முதன்முதலாகக் குதிரை வாங்குபவர்களில் பலரும் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற தரோபிரெட் இனக் குதிரையைத்தான் வாங்குகிறார்கள். கிண்டியிலும் பெங்களூரிலும் புனேயிலும் ஓடி முடித்தவை கைமாறி வருகின்றன. குதிரையை ஒரு விலைக்கு வாங்கிவிட்டுச் சேணத்தின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். ஐரோப்பாவில் அளவெடுத்துச் செய்யும் தோல் சேணம் லட்சங்களில் போகும். கான்பூரில் செய்த சேணம் ஆயிரங்களிலேயே கிடைக்கும். விலை கூடினால் குதிரைக்கு நல்லது, குறைந்தால் கெடுதல் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தோலின் தரம், தையல், பெயர் ஆகியவற்றுக்குத்தான் அந்த விலை. முதுகுக்குப் பொருந்துவது வேறு கணக்கு. அது வடிவத்தைப் பற்றியது. லட்ச ரூபாய்ச் சேணமும் தவறான முதுகில் ஏறினால் அந்த வெள்ளை மயிரைத்தான் முளைக்க வைக்கும்.

அந்த வடிவம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டால், குதிரைமேல் மனிதன் ஏறி உட்கார முடிந்ததே ஒரு வியப்பாகத் தோன்றும்.

குதிரையின் முதுகில் விலா எலும்புகள் சேரும் முள்ளெலும்புகள் 18. அதற்குப் பின்னால் விலா இல்லாத இடுப்புப் பகுதியில் வழக்கமாக 6. அரபுக் குதிரைகள் சிலவற்றில் விலா வரிசையே 17-தான் இருக்கும். ஒவ்வொரு முள்ளெலும்பிலிருந்தும் மேல்நோக்கி ஒரு தகடு நீண்டிருக்கும். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் இந்தத் தகடுகள் மிக உயரமானவை, வளர்ந்த குதிரையில் ஏறக்குறைய ஒரு சாண் வரும். வெளியிலிருந்து பார்த்தால் அங்கே தெரியும் மேட்டைத்தான் குதிரைக்காரர்கள் விதர்ஸ் என்கிறார்கள். அந்த மேட்டின் உச்சியில் தசை கிடையாது. தோல், கொஞ்சம் தசைநார், உடனே எலும்பு. தரோபிரெட்டுக்கு இது கூர்மையாகவும் உயரமாகவும் இருக்கும். சேணத்தின் ஒரு கிராம்கூட அதன்மேல் இறங்கக் கூடாது.

அப்படியானால் எடை எங்கே இறங்க வேண்டும்? முதுகெலும்பின் இரு பக்கமும் கழுத்தடியிலிருந்து இடுப்புவரை ஓடும் தடித்த நீள்தசை இருக்கிறது. அதற்கு அடியில் விலா எலும்புகள் வளைந்து நிற்கின்றன. தசையும் விலாவும் சேர்ந்த அந்த இரு பட்டைகள்தான் சுமக்கும் இடம். முன்பக்கம் தோள்பட்டை எலும்பைத் தாண்டித்தான் அது தொடங்குகிறது. பின்பக்கம் கடைசி விலாவோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் தாங்கிக்கொள்ள விலா இல்லை. கடைசி விலாவைக் கண்டுபிடிப்பது எளிது. குதிரையின் பக்கவாட்டில் விலாவைக் கையால் தடவி, அதன் வளைவைப் பின்பற்றி முதுகெலும்புவரை மேலே போனால் போதும். நெடிய உடம்பாகத் தோன்றும் குதிரைக்கும்கூட அந்த இரு எல்லைகளுக்கு நடுவில் சேணத்துக்குக் கிடைக்கும் நீளம் சில நேரம் ஆச்சரியப்படும்படி குறைவாக இருக்கும். சவாரி செய்பவர் தன் உடம்புக்கு ஏற்ற 18 அங்குல இருக்கை வாங்கியிருப்பார். குதிரையோ 17-க்கு மேல் தாங்காது. இந்த இடத்தில் விட்டுக்கொடுக்க வேண்டியவர் சவாரிக்காரர்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மனிதனுக்கு இருக்கும் காறை எலும்பு குதிரைக்குக் கிடையாது. முன்னங்கால்களுக்கும் உடம்புக்கும் நடுவில் எலும்பால் ஆன இணைப்பு எதுவுமே இல்லை. விலாக்கூடு முழுவதும், மேலே உட்கார்ந்திருப்பவரோடு சேர்த்து, இரு தோள்பட்டைகளுக்கு இடையே தசைகளால் தொங்கவிடப்பட்டிருக்கிறது. அதனால்தான் முன்னங்கால் முன்னே வீசும்போது தோள்பட்டை எலும்பின் மேல்முனை பல சென்டிமீட்டர் பின்னால் சுழன்று வர முடிகிறது. சேணத்தை முன்னால் தள்ளிப் போட்டால் அது ஒவ்வோர் அடியிலும் அந்த எலும்பை இடிக்கும். குதிரை அடியைக் குறுக்கிக்கொள்ளும். மேலே இருப்பவர் சோம்பேறிக் குதிரை என்று குதிகாலால் இன்னும் அழுத்துவார்.

இந்த முதுகு மனிதனைச் சுமக்க உருவானதல்ல. ஆனால் மனிதன் அதைத் தேர்ந்தெடுத்து மாற்றியிருக்கிறான் என்பதற்கு மரபணுச் சான்று உண்டு. லுடோவிக் ஓர்லாண்டோவின் தலைமையில் பெரும் ஆய்வுக் குழு ஒன்று பழங்காலக் குதிரைகளின் எலும்புகளிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்து 2021-ல் முடிவுகளை வெளியிட்டது. இன்றைய வீட்டுக் குதிரைகளின் மூதாதை மேற்கு யூரேசியப் புல்வெளியில், வோல்கா, டான் ஆறுகள் ஓடும் பகுதியில் தோன்றி, 4,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து மற்ற குதிரைகளை ஒதுக்கிவிட்டு உலகெங்கும் பரவியது. அந்த வம்சத்தில் அழுத்தமாகத் தேர்வு செய்யப்பட்ட இரண்டு மரபணுக்களை அவர்கள் அடையாளம் கண்டார்கள். ஒன்று குணத்தோடு தொடர்புடையது. மற்றொன்று ஜி.எஸ்.டி.எம்.சி. மனிதர்களில் இந்த மரபணுவின் வேறுபாடுகள் நாள்பட்ட முதுகுவலியோடு தொடர்புபடுகின்றன. எந்தக் குதிரையின் முதுகு தாங்குகிறதோ அதையே பிடித்து வளர்த்தார்கள் புல்வெளி மக்கள். மரபணு என்ற சொல்லே இல்லாத காலத்தில் அவர்கள் பார்த்தது முதுகைத்தான்.

சேணமோ அதற்கு நெடுங்காலம் கழித்துத்தான் வந்தது. சீனாவின் சின்ஜியாங்கில், துர்ஃபான் படுகையில் யாங்ஹாய் என்ற இடுகாடு இருக்கிறது. பாலைவன வறட்சி அங்கே தோலையும் துணியையும் மட்காமல் காத்து வைத்திருக்கிறது. அங்குள்ள ஒரு பெண்ணின் கல்லறையில் கிடைத்த தோல் சேணத்தின் காலத்தைக் கணித்து 2023-ல் வெளியிட்டார்கள். கி.மு. 724-க்கும் கி.மு. 396-க்கும் இடைப்பட்டது. நேரடியாகக் காலம் கணிக்கப்பட்ட சேணங்களில் இதுவே மிகப் பழையது. கம்பளிக் கால்சட்டையும் தோல் அங்கியும் அணிந்த அந்தப் பெண்ணை, சேணத்தின்மேல் அமர்ந்திருப்பதுபோல் கிடத்திப் புதைத்திருந்தார்கள். சிறகு போன்ற இரண்டு தோல் மெத்தைகள், உள்ளே வைக்கோலும் மான் மயிரும் ஒட்டக மயிரும். இரண்டு மெத்தைகளுக்கும் நடுவே இடம் விட்டுப் பிரித்திருக்கிறார்கள். முதுகெலும்பின்மேல் எடை இறங்கக் கூடாது, இரு பக்கமும் பிரிய வேண்டும் என்ற பாடத்தை 2,500 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் ஊசியும் நூலுமாக எழுதி வைத்துவிட்டார். இன்று கடைக்குப் போய்ச் சேணத்தைக் கவிழ்த்துப் பார்த்தால் முதலில் கண்ணில் பட வேண்டியதும் அந்த நடு இடைவெளிதான். முன்னாலிருந்து பின்னால் வரை மூன்று நான்கு விரல் அகலமாவது அது ஒரே சீராக ஓட வேண்டும். பின்பக்கம் குறுகிக்கொண்டே போனால் அந்தச் சேணத்தை அப்படியே வைத்துவிட்டு வந்துவிடலாம்.

மெத்தைகளுக்கு உள்ளே, கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது சட்டகம். ஆங்கிலேயப் பாணிச் சேணத்தில் மெல்லிய மரப் பலகைகளை ஒட்டி வளைத்து, உருக்குப் பட்டையால் வலுப்படுத்தியிருப்பார்கள். செயற்கை இழைச் சட்டகங்களும் வந்துவிட்டன. அமெரிக்க மேற்குப் பாணிச் சேணத்தில் மரச் சட்டகத்தின்மேல் பதப்படுத்தாத தோலைப் போர்த்தி இறுக்கியிருப்பார்கள். பரப்பு பெரியது, எடையும் அதிகம். எந்தப் பாணியானாலும் சட்டகத்தின் வேலை ஒன்றுதான். உட்காருபவரின் எடை ஒரே இடத்தில் குத்தாமல் அகலமாகப் பரவ வேண்டும். முன்பக்க வளைவு முதுகின் சரிவோடு ஒத்துப்போகாவிட்டால் அந்த வேலை நடக்காது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சவாரி செய்பவர் 60 கிலோ, சேணம் 8 கிலோ, ஆக 68 கிலோ. இரு மெத்தைகளும் சேர்ந்து 1,200 சதுர சென்டிமீட்டர் பரப்பில் முழுமையாகப் படிகின்றன என்று வைத்துக்கொள்வோம். அப்போது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 57 கிராம் விழும். சேணத்தின் வளைவு முதுகோடு ஒட்டாமல், முன்னால் இரண்டு இடம், பின்னால் இரண்டு இடம் என்று நான்கு மூலையில் மட்டும் தொட்டு, நடுவில் பாலம்போல் தூக்கிக்கொண்டு நின்றால்? தொடும் பரப்பு 300 சதுர சென்டிமீட்டர் என்றால் அதே மனிதர் அதே குதிரைமேல் சதுர சென்டிமீட்டருக்கு 227 கிராம் அழுத்துகிறார். குதிரை சும்மா நிற்கும்போதே இப்படி. 2004-ல் வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேணத்துக்கு அடியில் அழுத்தமானிகளை விரித்து அளந்தார்கள். நடக்கும்போது உச்ச விசை சவாரிக்காரரின் எடையைவிடச் சற்றே கூடுதல். ட்ராட் என்னும் துள்ளோட்டத்திலும் கேன்டர் என்னும் மெதுவான பாய்ச்சலிலும் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. அந்த நான்கு மூலைகளிலும் அரைக் கிலோவைத் தாண்டிய அடி, ஒவ்வொரு காலடிக்கும் ஒருமுறை விழும்.

மனிதத் தோலின் தந்துகிகளுக்குள் இருக்கும் ரத்த அழுத்தம் சுமார் 32 மில்லிமீட்டர் பாதரசம் என்று மருத்துவம் நெடுங்காலமாகச் சொல்கிறது. எடையாக மாற்றினால் சதுர சென்டிமீட்டருக்கு 43 கிராம் அளவு. அதற்கு மேல் விடாமல் அழுத்தினால் தந்துகி நசுங்கும், ரத்தம் நிற்கும். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்குப் புண் வருவது இப்படித்தான். குதிரையின் தோலுக்கும் இதே விதி என்றால் மிகப் பொருத்தமான சேணம்கூட வரம்பைத் தாண்டுகிறதே, பிறகு எப்படி எல்லாச் சவாரிக் குதிரைக்கும் புண் வராமல் இருக்கிறது? அழுத்தம் தொடர்ந்து இருப்பதில்லை என்பதே காரணம். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே அது தளர்கிறது, அந்த நொடியில் ரத்தம் ஓடிவிடுகிறது. குதிரையை நிறுத்திவைத்துக்கொண்டு அதன்மேல் உட்கார்ந்தபடியே அரைமணி நேரம் பேசிக்கொண்டிருப்பது அதற்கு ஓய்வு அல்ல, தண்டனை என்பது இதிலிருந்து விளங்கும். இறங்கி நின்று பேசலாம். பழைய குதிரைப்படைகளில் நெடும்பயணத்தின் நடுவே வீரர்கள் இறங்கிக் குதிரையை நடத்திக்கொண்டு போக வேண்டும் என்ற விதி இருந்தது. நின்றதும் சேணத்தை வெடுக்கென்று எடுத்துவிடாமல், வயிற்று வாரை மட்டும் தளர்த்திக் கொஞ்ச நேரம் அப்படியே விட்டு ரத்தம் மெதுவாகத் திரும்ப விடுவார்கள். அளவுக் கருவி இல்லாத காலத்தில் கையால் கற்ற உடலியல் அது.

மலிவான சேணத்தை ஆயிரக்கணக்கான குதிரைகளுக்கு எப்படிப் பொருத்துவது என்ற கேள்வியோடு உலகிலேயே அதிகம் போராடியதும் குதிரைப்படைகள்தான். அமெரிக்க ராணுவம் 1859-ல் ஏற்றுக்கொண்ட மெக்லெல்லன் சேணம் எளிமையானது, இலேசானது, மலிவானது. நடுவில் திறந்த இடைவெளி உண்டு, காற்று ஓடும். ஆனால் அதன் அளவுகள் இருக்கையின் நீளத்தை வைத்துப் பிரிக்கப்பட்டவை. அதாவது வீரனுக்கு அளவு பார்த்தார்கள், குதிரைக்குப் பார்க்கவில்லை. படையெடுப்பில் தீனி குறைந்து குதிரை மெலிந்ததும் அதே சேணம் முதுகை அரைக்கும். அதற்கு வீரர்கள் கண்ட வழி கம்பளி. மடிப்பைக் கூட்டியும் குறைத்தும் இடைவெளியை நிரப்பினார்கள். பிரிட்டிஷ் ராணுவக் கால்நடை மருத்துவர் பிரெடரிக் ஸ்மித் சேணங்களையும் முதுகுப் புண்களையும் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போரில் பிரிட்டிஷ் தரப்பில் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் மாண்டன. பசி, களைப்பு, நோய், அவற்றோடு முதுகுப் புண். அதற்குப் பிறகு வந்த 1912 மாதிரிப் படைச் சேணத்தில் பக்கப் பலகைகளைக் கீல் வைத்து அசையும்படி செய்தார்கள். குதிரை மெலிந்தாலும் பருத்தாலும் பலகை அதன் சரிவுக்குத் தானே திரும்பிக்கொள்ளும். முதுகு மாறிக்கொண்டே இருக்கும் ஒன்று என்பதை ஓர் அரசு ஏற்றுக்கொள்ள அத்தனை குதிரைகள் சாக வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் மனம் கசக்கிறது.

முதுகு எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதை இங்கிலாந்தில் லினே கிரேவ், சூ டைசன் இருவரும் அளந்து காட்டினார்கள். ஒரே குதிரையின் முதுகு ஓராண்டுக்குள் மாறுகிறது. அதைவிட வியப்பு, ஒரே நாளில், ஒரு சவாரிக்கு முன்னும் பின்னும் அளந்தாலே வித்தியாசம் தெரிகிறது. நன்றாக வேலை செய்த குதிரையின் முதுகு சவாரி முடிந்ததும் தற்காலிகமாக அகன்றிருக்கிறது. பொருத்தமான சேணம் போட்ட குதிரைகளில் இந்த அகற்சி கூடுதல். பொருந்தாத சேணம் தசையை அகல விடுவதில்லை.

அவர்களுடைய இன்னோர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. சில குதிரைகள்மேல் சேணம் எப்போதும் ஒரே பக்கமாகச் சரிந்துகொண்டே இருக்கும். சேணம் கோணல், அல்லது உட்காருபவர் கோணல் என்று சேணம் செய்பவரிடம் எடுத்துப்போய்த் திட்டுவார்கள். கிரேவும் டைசனும் அப்படிப்பட்ட குதிரைகளைச் சோதித்தபோது பலவற்றின் பின்னங்காலில் நொண்டல் இருந்தது. வெறும் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அளவு நொண்டல். வலிக்கும் காலின் நரம்பை ஊசி போட்டு மரத்துப்போக வைத்ததும் நொண்டல் நின்றது, அதோடு சேணம் சரிவதும் ஏறக்குறைய எல்லாக் குதிரைகளிலும் நின்றுவிட்டது. அதே சேணம், அதே மனிதர். ஆகவே சேணம் சரிகிறது என்றால் புதுச் சேணத்துக்குப் பணம் கட்டும் முன் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டுப் பின்னங்காலைப் பார்க்கச் சொல்ல வேண்டும். மருத்துவருக்குக் கொடுப்பது அநேகமாகச் சேணத்தைவிடக் குறைவாகவே இருக்கும்.

வாங்கும் விஷயத்துக்கு வருகிறேன். குதிரையைக் கடைக்குக் கூட்டிப்போக முடியாது. அதன் முதுகை ஓர் அட்டையில் எடுத்துப்போக முடியும். வரைபடக் கருவிகள் விற்கும் கடையில் வளையும் அளவுகோல் கிடைக்கும், உள்ளே ஈயம் வைத்து மேலே ரப்பர் போர்த்தியது. வளைத்த வடிவிலேயே நிற்கும் கட்டியான மின்கம்பி இருந்தாலும் போதும். சமதரையில் குதிரையை நான்கு காலும் நேராக நிறுத்துங்கள். தலை தொங்கவும் கூடாது, தூக்கவும் கூடாது. தோள்பட்டை எலும்பின் பின்விளிம்பைத் தடவிக் கண்டுபிடித்து, அதற்கு இரண்டு விரல் பின்னால் கம்பியை முதுகின் குறுக்கே வைத்து இருபுறமும் தோலோடு படியுமாறு அழுத்துங்கள். மெதுவாக எடுத்து அட்டையில் வைத்து உள்பக்கமாகப் பென்சிலால் கோடு இழுங்கள். இடம், வலம், தேதி குறித்துவிடுங்கள். அதே போல முதுகின் நடுவில் ஒன்று, கடைசி விலாவின் நேரில் ஒன்று. பிறகு கம்பியை நீளவாட்டில், முதுகெலும்புக்கு ஒரு பக்கமாக வைத்து, முதுகு முன்னிருந்து பின்வரை எப்படிப் பள்ளமாகிறது என்று ஒரு கோடு. கோடுகளை ஒட்டி அட்டையை வெட்டினால் உங்கள் குதிரையின் முதுகு உங்கள் கையில். செலவு ஓர் அட்டைப்பெட்டிதான்.

முதல் கோட்டைப் பார்த்ததும் பலர் திடுக்கிடுவார்கள், இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றாக இருக்காது. பெரும்பாலான குதிரைகளுக்கு ஒரு தோள் பருத்திருக்கும். அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. பருத்த தோளுக்கு இடம் கொடுக்கும் சேணத்தை எடுத்து, மெலிந்த பக்கத்தைத் திணிப்பால் நிரப்ப வேண்டும். மாற்றிச் செய்தால் பருத்த தோள் இடிபடும்.

வெட்டிய அட்டையை எடுத்துக்கொண்டு போய், கவிழ்த்துவைத்த சேணத்தின் முன்வளைவுக்குள் நுழைத்துப் பாருங்கள். அட்டையின் சரிவும் மெத்தையின் சரிவும் மேலிருந்து கீழ்வரை ஒன்றையொன்று தொட்டபடி போக வேண்டும். மேலே மட்டும் தொட்டுக் கீழே விலகினால் சட்டகம் அகலம், முன்பக்கம் விதர்ஸ்மேல் இறங்கி உட்காரும். கீழே மட்டும் கவ்வினால் குறுகல், தோளின் கீழே கிள்ளும். லேபிளில் நேரோ, மீடியம், வைடு என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். இந்த அளவுகளுக்குப் பொதுவான தரநிலை எதுவும் இல்லை. ஒரு நிறுவனத்தின் மீடியம் இன்னொன்றின் நேரோ. இந்தச் சிக்கலைக் கடக்கத்தான் ஆஸ்திரேலியாவின் வின்டெக் போன்ற செயற்கைச் சேணங்களில் முன்வளைவின் உலோகத் தகட்டைத் திருகாணி கழற்றி வேறு அகலத்துக்கு மாற்றும் வசதி வைத்திருக்கிறார்கள். முதல் குதிரைக்கு, அதுவும் வளரும் குதிரைக்கு, இந்த வசதி தோலின் பளபளப்பைவிடப் பெரிது.

கான்பூர்ச் சேணம் என்றாலே மட்டம் என்ற பேச்சு சவாரிக் கழகங்களில் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. பிரிட்டிஷ் ராணுவத்துக்குச் சேணமும் வாரும் செய்ய 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்த ஊரில் அரசு ஆலையே அமைந்தது. அதைச் சுற்றித் தோல் பதனிடும் தொழில் வளர்ந்தது. இன்றும் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அங்கிருந்து சேணம் போகிறது. கான்பூர்ச் சேணத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. குறைவது கைத்திறன் அல்ல. மிகக் குறைந்த விலைக்குக் கேட்கும்போது சட்டகத்திலும் திணிப்பிலும் கை வைக்கிறார்கள். அதனால் அங்கே செய்த மலிவான சேணமானால் ஒன்றைப் பார்த்துவிட்டு அதே மாதிரி இன்னொன்றை வாங்கக் கூடாது. கையில் எடுத்த அந்தச் சேணத்தையே சோதிக்க வேண்டும். பின்பக்கத்திலிருந்து நடு இடைவெளியின் வழியே ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், கோணல் இருந்தால் உடனே தெரியும். மெத்தையை விரலால் நெடுக அமுக்கிக்கொண்டே போங்கள். கட்டி கட்டியாகத் தட்டுப்பட்டால் திணிப்பைப் பிரித்து மாற்ற வேண்டும்.

பழைய சேணம் வாங்குவது பெரும்பாலும் நல்ல யோசனை. ஆனால் சட்டகம் உடைந்திருந்தால் அது வெறும் தோல் மூட்டை. முன்விளிம்பை வயிற்றில் முட்டுக்கொடுத்துப் பின்விளிம்பை இரு கையாலும் உங்களை நோக்கி இழுங்கள். லேசான வில்தன்மை இருக்கலாம். இருக்கையின் நடுவில் தோல் மடிந்து சுருங்கினாலோ, கிரீச்சென்று ஒலி வந்தாலோ வேண்டாம். முன்வளைவின் இரு கைகளையும் பிடித்து விரித்தும் சேர்த்தும் பாருங்கள், அங்கே அசைவே இருக்கக் கூடாது. பிறகு வயிற்று வாரைக் கோக்கும் பட்டைகள். அவற்றின் தையலையும் துளைகளையும் பார்க்க வெட்கப்பட வேண்டாம், பலமாக இழுத்தே பாருங்கள். ஓடும் குதிரையில் உங்கள் உயிர் அந்தத் தையலில்தான் இருக்கிறது. தோலை மடக்கினால் வெடிப்பு விழுகிறதா என்பதும் முக்கியம். நிறம் மங்கியது, கீறல் விழுந்தது எல்லாம் குறையே அல்ல, விலையைக் குறைக்கப் பேசுவதற்கான நல்ல காரணங்கள்.

குதிரைமேல் வைத்துப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் விரிப்பு எதுவும் இல்லாமல் வெறும் முதுகில் வையுங்கள். விதர்ஸுக்கு முன்னால் வைத்துப் பின்னால் நகர்த்தினால் தோள்பட்டைக்குப் பின்னால் ஓரிடத்தில் சேணம் தானே நிற்கும். அதுதான் அதன் இடம். மயிரும் படிந்துகொள்ளும். ஆள் ஏறி உட்கார்ந்த பிறகும் விதர்ஸுக்கும் சேணத்துக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். மெத்தைக்கு அடியில் கையை விட்டு முன்னிருந்து பின்வரை ஓட்டினால் அழுத்தம் எங்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இருக்கையின் மிகத் தாழ்ந்த புள்ளி நடுவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது பின்னால் போயிருந்தால் உங்கள் எடையெல்லாம் இடுப்புப் பக்கம் இறங்கும்.

சேணம் குறுகலாக இருந்தால் தடித்த மெத்தை விரிப்புப் போட்டுச் சரிசெய்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். இறுக்கமான காலணிக்குள் தடித்த காலுறை போடச் சொல்வதற்கு ஒப்பானது இது. விரிப்பு உதவுவது அகலமான சேணத்துக்கு மட்டும், அதுவும் ஓரளவுக்குத்தான். அதனால் இரண்டில் ஒன்றை எடுத்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் சற்றே அகலமானதை எடுத்துத் திணிப்பால் ஈடுகட்டுங்கள்.

சவாரி முடிந்து சேணத்தை இறக்கியதும் முதுகைப் பாருங்கள். வியர்வை இரு பக்கமும் சீராகப் படர்ந்திருந்தால் நல்லது. சுற்றிலும் ஈரமாக இருக்க நடுவில் ஒரு திட்டு மட்டும் உலர்ந்திருந்தால் அங்கே ஒன்று சேணம் தொடவே இல்லை, அல்லது வியர்வைச் சுரப்பி வேலை செய்ய முடியாத அளவு அழுத்தியிருக்கிறது. கையால் அந்த இடத்தை அமுக்குங்கள். குதிரை முதுகைத் தாழ்த்தினாலோ தோலைச் சிலிர்த்தாலோ இரண்டாவதுதான். இரையாக வாழ்ந்த விலங்கின் வம்சம் அது, வலியை மறைப்பது அதன் இயல்பு. அதனால் சின்ன அடையாளங்களைத் தேட வேண்டியிருக்கிறது. சூ டைசன் சவாரியின்போது வலியைக் காட்டும் 24 நடத்தைகளைத் தொகுத்திருக்கிறார். காதைப் பின்னால் மடக்குவது, வாயைத் திறப்பது, வாலைச் சுழற்றுவது, தலையை ஆட்டுவது போன்றவை. அவற்றில் எட்டோ அதற்கு மேலோ தெரிந்தால் உடம்பில் எங்கோ வலி இருக்க வாய்ப்பு அதிகம் என்பது அவர் கண்டது. வார் கட்டும்போது கடிக்க வரும் குதிரையைத் திமிர் பிடித்தது என்று அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் குதிரைக்கோ வலியைச் சொல்ல வேறு மொழி இல்லை.

குதிரையின் முதுகெலும்பு முழுதாக முதிர ஐந்தரை, ஆறு வயதாகும். நான்கு வயதுக் குதிரைக்கு அளவெடுத்து விலையுயர்ந்த சேணம் செய்வது அதனால் வீண் செலவு. பந்தயத்திலிருந்து வந்த குதிரையோ நல்ல தீனியும் நிதானமான பயிற்சியும் கிடைத்த சில மாதங்களிலேயே தோளும் முதுகும் நிறைந்து வேறு வடிவமாகிவிடும். எனவே கையில் இருக்கும் பணம் முழுவதையும் வாங்கும் நாளிலேயே கொடுத்துவிடாமல், நாலில் ஒரு பங்கைத் திணிப்பை மாற்றுவதற்கென்று ஒதுக்கி வையுங்கள். புதிதாகத் திணித்த கம்பளி முதல் சில மாதங்களில் அமுங்கும், அதற்குப் பிறகு ஒருமுறை சரிசெய்ய வேண்டியிருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே கம்பியை அதே இடத்தில் வளைத்து, அதே அட்டையில் வேறு நிற மையால் கோடு போடுங்கள். இரண்டு கோடுகளும் விலகியிருக்கும் இடத்தைத் திணிப்பவரிடம் காட்டினால், எங்கே எடுக்க வேண்டும், எங்கே சேர்க்க வேண்டும் என்று அவரே சொல்லிவிடுவார்.